நாசி சுத்தி: விதியும் விலக்கும்

மனிதன் ஒரு நாளில் உள்ளிழுத்து வெளிவிடும் காற்று ஏறக்குறைய 10,000 லிட்டர். மார்கழி அதிகாலையின் பனியில் குளிர்ந்ததாயினும், சித்திரைக் கத்திரியில் காய்ந்ததாயினும், தெருப் புழுதியும் மகரந்தத் தூளும் அடுப்புப் புகையும் கலந்ததாயினும், அந்தக் காற்று தொண்டையைத் தாண்டி நுரையீரலை எட்டுவதற்குள் தேகத்தின் உஷ்ணத்துக்குக் கிட்டத்தட்ட வந்து, வேண்டிய ஈரத்தை ஏற்று, சுமந்துவந்த தூசியில் பெரும்பகுதியை இறக்கி வைத்துவிடுகிறது. இவ்வளவும் நடந்தேறும் இடம் ஒரு விரலின் நீளத்துக்கு மேற்படாத மூக்கின் உட்புறம்.

இந்தச் சிறிய வழியின் பெருமையைப் பண்டை வைத்தியர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அஷ்டாங்க ஹ்ருதயத்தை இயற்றிய வாக்படர், நாசியைச் சிரசுக்கு உரிய துவாரமாகவே கருதி, அதன் வழியாகச் செலுத்தப்படும் ஔஷதம் தலை, கண், செவி, தொண்டை ஆகிய இடங்களிலெல்லாம் பரவி, அங்குத் தேங்கிய தோஷங்களை வெளிப்படுத்தும் என்று கொண்டார். சரகர் வகுத்த பஞ்சகர்மங்களில் வமனம், விரேசனம், இருவகை வஸ்தி என்னும் நான்கிற்குப் பிறகு ஐந்தாவதாக நிற்பது நாசி வழியே செய்யும் இந்த நசியம். தமிழ் மருத்துவத்திலும் இதற்குச் சிறப்பான இடம் உண்டு. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வமனமும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதியும் சொல்லி, நசியத்துக்கு மட்டும் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை என்று நெருங்கிய தவணை குறிக்கிறது.

ஆயுர்வேதத்தின் நசியத்தையும் யோகத்தின் நாசி சுத்தியான நேதியையும் ஒன்றாகக் குழப்பி, பருவம் மாறும்போதெல்லாம் மூக்கைக் கழுவினால் நோயே அணுகாது என்று சொல்லும் பேச்சு இக்காலத்தில் மிகுந்திருக்கிறது. அந்தப் பேச்சில் எவ்வளவு சாரம் உண்டு, எவ்வளவு சக்கை உண்டு என்று பார்ப்பதே இவ்வத்தியாயத்தின் நோக்கம். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதானால், இச்சிகிச்சைகளைப் பற்றிச் சாஸ்திரங்கள் அளித்துள்ள வாக்குறுதிகளைக் காட்டிலும், அவை விதித்துள்ள விலக்குகளிலேதான் நுட்பமான அனுபவ அறிவு அதிகம் படிந்திருக்கிறது என்பது இவ்வாசிரியனின் அபிப்பிராயம்.

மூக்கின் சுயகாரியம்

நாம் கழுவினாலும் கழுவாவிட்டாலும் மூக்கு தன்னைத் தானே ஓயாமல் சுத்தி செய்துகொள்கிறது. நாசியின் பக்கச் சுவர்களிலிருந்து மூன்று சுருளெலும்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாக உள்நோக்கி நீண்டு, காற்று நேராகப் பாய்ந்து போக முடியாதபடி அதை ஒடுங்கிய சந்துகளில் வளைந்து செல்ல வைக்கின்றன. அவற்றைப் போர்த்தியுள்ள சளிச்சவ்வின் மேல் பிசுபிசுப்பான ஒரு மெல்லிய படலம் விரிந்திருக்கிறது. வளைவுகளில் மோதும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்கு அடியில் நீர்மையான இன்னொரு படலமும், அதில் தோய்ந்து நிற்கும் கோடிக்கணக்கான குறுஇழைகளும் உள்ளன. ஒவ்வோர் உயிரணுவின் தலையிலும் சுமார் 200 இழைகள். ஒவ்வோர் இழையின் நீளமும் ஐந்தாறு மைக்ரான். ஒவ்வொன்றும் விநாடிக்குப் பத்து முதல் பதினைந்து தடவை வரை அசைகிறது.

அந்த அசைவை நுண்காட்டியில் பார்ப்பவர்க்கு அது வெறும் நடுக்கமல்ல என்பது விளங்கும். படகோட்டி துடுப்பை நீரில் அழுத்தி விசையோடு இழுத்து, பிறகு அதைச் சாய்த்து மெல்லத் திருப்பிக் கொண்டுவருவது போல, இழையும் நிமிர்ந்து நின்று மேற்படலத்தை ஒரு திசையில் வேகமாகத் தள்ளி, பின்பு வளைந்து தாழ்ந்து நீர்மைக்குள்ளேயே திரும்புகிறது. இவ்விதம் தள்ளுண்ட சளி, நிமிஷத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கி நகர்ந்து, நாம் அறியாமலே விழுங்கப்பட்டு, இரைப்பையின் அமிலத்தில் அழிந்துபோகிறது. பத்து இருபது நிமிஷங்களுக்கு ஒரு முறை படலம் முழுவதும் புதிதாகிவிடுகிறது. இதன் வேகத்தை அளக்க எளிய பரிசோதனை ஒன்றுண்டு: சாக்கரின் துணுக்கு ஒன்றைக் கீழ்ச் சுருளெலும்பின் முன்பகுதியில் வைத்துவிட்டு, நாக்கில் இனிப்புத் தட்டும்வரை எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். ஆரோக்கியவானுக்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிஷங்களில் இனிக்கும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனால் ஓட்டம் மந்தித்திருக்கிறது என்று கொள்ளலாம். குளிர் தாக்கினாலும், புகை பட்டாலும், ஈரம் வற்றினாலும், வைரஸ் புகுந்து இழையணுக்களைச் சிதைத்தாலும் அது மந்திக்கிறது. பருவம் மாறும் வேளைகளில் மூக்கு தொல்லைப்படுவதன் இரகசியத்தில் ஒரு பங்கு இதுவே.

சளியை வெறும் கழிவென்று அருவருப்பதும் பொருந்தாது. 1921இல் தமக்கு ஜலதோஷம் கண்டிருந்தபோது தம் மூக்குச் சளியையே பரிசோதனைத் தட்டில் இட்டுப் பார்த்த அலெக்ஸாண்டர் பிளெமிங், அதன் அருகே பாக்டீரியாக்கள் கரைந்துபோவதைக் கண்டு, லைஸோஸைம் என்னும் காப்புப் பொருளைக் கண்டுபிடித்தார்; பெனிசிலின் அவர் கைக்குக் கிட்டியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். லைஸோஸைமோடு லாக்டோபெரின் என்னும் புரதமும், நோயை எதிர்க்கும் ஆன்ட்டிபாடிகளும் சளியில் உண்டு. ஆகவே மூக்கைக் கழுவும்போது அழுக்கு மட்டும் போவதில்லை; காவலும் சிறிது போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விசேஷமும் இங்கே குறிக்கத்தக்கது. இரண்டு நாசிகளும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கத்துச் சவ்வு இரத்தத்தால் பூரித்து ஒடுங்க, மறுபக்கம் விரிகிறது. இந்த மாற்றத்தை 1895இல் ரிச்சர்ட் கைசர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தில் விவரித்தார். நம் சித்தர்களோ இடகலை, பிங்கலை என்று பெயரிட்டு, சரம் பார்ப்பதைத் தனிச் சாஸ்திரமாகவே வளர்த்திருந்தார்கள். அதிலிருந்து அவர்கள் கணித்த பலாபலன்களை விஞ்ஞானம் ஏற்பதில்லை எனினும், சுவாசம் பக்கம் மாறுகிறது என்று அவர்கள் கண்ட காட்சி மெய். ஒரு நாசி அடைத்திருப்பதாகக் கலங்கி மருந்து தேடுகிறவர்களில் பலருக்கு, அடைப்பு அல்ல, இந்த இயல்பான முறைமாற்றமே காரணமாயிருக்கும்.

அணு தைலமும் ருதுக்களும்

சரக ஸம்ஹிதையின் ஸூத்ரஸ்தானம் ஐந்தாம் அத்தியாயம், நோயில்லாதவன் அன்றாடம் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைச் சொல்லுவது. கண்ணுக்கு அஞ்சனம், புகை பிடித்தல், வாய் கொப்பளித்தல், எண்ணெய் தேய்த்தல் முதலியவற்றுக்கு நடுவே அணு தைலம் அங்கே வருகிறது. சந்தனம், அகில், தேவதாரு, ஏலம், இலவங்கப்பட்டை, கோரைக்கிழங்கு, நன்னாரி, அதிமதுரம், வில்வம், வாயுவிடங்கம், தண்ணீர்விட்டான் கிழங்கு முதலான பல சரக்குகளை நூறு பங்கு மழைநீரில் இட்டுக் காய்ச்சி, எண்ணெயைப் போல் பத்து மடங்கு கஷாயம் நிற்கும்போது இறக்கி, அதைப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே சேர்த்து நல்லெண்ணெயைப் பத்து முறை காய்ச்ச வேண்டும். பத்தாம் முறை ஆட்டுப்பாலும் சேரும். நசியத்துக்குரிய எண்ணெய் மிருது பாகத்தில் இறக்கப்பட வேண்டும் என்பதும் விதி. முற்றிக் கடுத்த பாகம் உடம்பில் தேய்ப்பதற்கே உரியது. மெல்லிய சவ்வில் படப்போகும் பொருள் கரகரப்பும் காரமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற கவனம் இதில் தெரிகிறது.

சிகிச்சை செய்யும் முறையும் அவசரத்துக்கு இடம் கொடாதது. முதலில் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் தடவி, வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த துணியாலோ ஆவியாலோ வியர்வை காணச் செய்வார்கள். காற்று வீசாத அறையில் நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, கால் சற்று உயர, தலை சற்றே பின்னால் தாழ வைத்து, ஒரு நாசியை விரலால் அடைத்து, மற்றதில் வெதுவெதுப்பான தைலத்தைத் துளித்துளியாக விடுவார்கள். பிறகு பக்கம் மாற்றுவார்கள். உள்ளங்கால், கழுத்து, உள்ளங்கை, காது ஆகிய இடங்களை மெல்லத் தேய்த்துக்கொண்டிருக்க, தொண்டைக்கு வழிந்து வருவதை நோயாளி விழுங்காமல் இடப்புறமும் வலப்புறமும் துப்ப வேண்டும். அந்த நேரத்தில் பேசலாகாது, சிரிக்கலாகாது, கோபப்படலாகாது. முடிவில் மூலிகைப் புகையும் வெந்நீர்க் கொப்பளிப்பும் உண்டு. துளியின் அளவைக்கூட வாக்படர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: ஆள்காட்டி விரலின் இரண்டு கணுக்களை எண்ணெயில் தோய்த்து எடுத்தால் அதிலிருந்து சொட்டுவது ஒரு பிந்து. மர்ச நசியத்துக்கு உத்தமம், மத்திமம், அதமம் என முறையே பத்து, எட்டு, ஆறு பிந்துக்கள். அன்றாடம் செய்யத்தக்க எளிய பிரதிமர்சத்துக்கு இரண்டே பிந்துக்கள்.

இனி, ருது விஷயம். மழையின் தொடக்கமான ப்ராவ்ருட், சரத், வசந்தம் ஆகிய மூன்று காலங்களில், வானம் மேகம் விலகித் தெளிந்திருக்கும்போது அணு தைலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது சரகர் மதம். குளிர்காலத்தில் திரண்ட கபம் வசந்தத்து வெயிலில் உருகிக் கிளர்கிறது; கோடையில் சேர்ந்த வாதம் மழையில் கிளர்கிறது; மழையில் சேர்ந்த பித்தம் சரத்காலத்தில் கிளர்கிறது என்பது ஆயுர்வேதத்தின் ருது தத்துவம். தோஷங்களின் பாஷையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், காற்றின் ஈரமும் உஷ்ணமும் மகரந்தமும் பூஞ்சைத் துகளும் சட்டென்று மாறும் சந்திக் காலங்களே அவை என்பது புலப்படும். வாக்படர் இன்னும் நுணுகிச் சென்று, நோயற்றவனுக்குச் சரத்திலும் வசந்தத்திலும் முற்பகல், குளிர்காலத்தில் நடுப்பகல், கோடையில் மாலை, மழைக்காலத்தில் வெயில் அடிக்கும் வேளை என்று நேரம் பிரித்திருக்கிறார். குளிரில் குறுஇழைகளின் அசைவு தளரும் என்றும், இளஞ்சூட்டில் சளி இளகும் என்றும் அறிந்திருக்கும் இன்றைய உடலியலாருக்கு இந்தப் பிரிவினை விசித்திரமாகத் தோன்றாது.

ஆனால் வடநாட்டு ருதுக்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்து அப்படியே இங்கே பின்பற்றுவது விவேகமாகாது. தமிழ்நாட்டின் கீழ்க்கரைக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. வடநாட்டில் வானம் தெளிந்து கிடக்கும் அதே காலத்தில் சென்னையில் புயல் சின்னம் உருவாகிக்கொண்டிருக்கும். மலையாள தேசத்தார் தங்கள் கர்க்கடக மாதத்து மழைக்கேற்பச் சிகிச்சைக் காலத்தை அமைத்துக்கொண்டது போல, அவரவர் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து முடிவு செய்வதே சாஸ்திரத்தின் உட்கருத்துக்கு இசைவானது. மாதத்தின் பெயரைவிட மேகம் விலகியிருப்பதைத்தான் சரகரும் நிபந்தனையாக வைத்தார்.

இவற்றினும் கவனத்துக்குரியவை வாக்படர் விதித்த விலக்குகள். உண்டவுடன், நீர் அருந்தியவுடன், மது அருந்தியவுடன், தலை முழுகியவுடன் நசியம் கூடாது; மகப்பேறு முடிந்த தாய்க்கும், சுவாச ரோகம் உடையவர்க்கும், இருமல் உடையவர்க்கும் கூடாது; ஏழு வயதுக்கு உட்பட்டவர்க்கும் எண்பது வயதைத் தாண்டியவர்க்கும் கூடாது; மேகம் மூடிய துர்த்தினத்தில் கூடாது; புதிதாகக் கண்ட பீனசத்தில் கூடாது. மூக்கு ஒழுகத் தொடங்கியதும் எண்ணெய்ச் சீசாவைத் தேடுகிறவர்கள் இந்தக் கடைசி விலக்கை இரண்டு முறை படிக்க வேண்டும்.

கெண்டியும் நூலும்

மூக்குக் கெண்டியில் உப்புநீர் நிரப்பி ஒரு நாசியில் ஊற்றி மறு நாசியில் வடியவிடும் ஜலநேதியை இன்று எல்லோரும் ஆயுர்வேதம் என்று சொல்லுகிறார்கள். அதன் பிறப்பிடம் ஆயுர்வேதத்தைக் காட்டிலும் ஹட யோகமே. பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹட யோக ப்ரதீபிகை, தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்னும் ஆறு க்ரியைகளைக் கூறுகிறது. அங்கே நேதி என்பது ஒரு சாண் அளவுள்ள வழுவழுப்பான நூலை நாசியில் நுழைத்து வாய் வழியே எடுப்பது. நீரை நாசியால் ஏற்று வாயால் உமிழும் முறையோ, பிற்காலத்ததான கேரண்ட ஸம்ஹிதையில் கபாலபாதியின் வகைகளுள் ஒன்றாக வருகிறது. 1924இல் லோணாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவிய ஸ்வாமி குவலயானந்தர், இத்தகைய யோகக் க்ரியைகளைப் பக்தியால் மட்டும் ஏற்காமல் கருவிகளைக் கொண்டு அளந்து பார்க்கும் முயற்சியை நம் நாட்டில் தொடங்கி வைத்தார்.

இங்கும் ஒரு விலக்கு உண்டு. அது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. கொழுப்பும் கபமும் மிகுந்தவனே இந்த ஆறு க்ரியைகளையும் முதலில் செய்ய வேண்டும், தோஷங்கள் சமமாயிருப்பவனுக்கு அவை வேண்டியதில்லை என்று ஸ்வாத்மாராமரே சொல்லிவிட்டார். யாவருக்கும் தினந்தோறும் நேதி என்று உபதேசிப்பவர்கள் அந்த நூலின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

ஜலநேதியின் பௌதிகம் எளிது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, தொட்டியின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மேலிருக்கும் நாசியில் கெண்டியின் மூக்கைப் பொருத்தினால், நீர் நாசித் தடுப்பின் பின்விளிம்பைச் சுற்றி மறுபக்கத்து வழியாக வடிகிறது. வெறும் நீரை விட்டால் சுரீரென்று எரிவதற்குக் காரணம், உயிரணுக்களுக்குள் இருக்கும் உப்பின் செறிவு வெளிநீரில் இல்லாமையால் நீர் அணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்வதே. லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீர், தேகத்தின் திரவங்களோடு ஒத்த செறிவுள்ளதாகையால் எரிச்சல் தருவதில்லை. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த உப்பு என்று வீட்டுக் கணக்கில் கொள்ளலாம். நீர் அப்படி ஓடும்போது தடித்த சளியை இளக்கி, ஒட்டியிருக்கும் மகரந்தத்தையும் தூசியையும் அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களையும் அடித்துக்கொண்டு போகிறது. நசியமோ கழுவுவது அல்ல. சவ்வின் மேல் எண்ணெய்ப் பூச்சு இட்டு வறட்சியைத் தணிப்பதும், சுரப்பைத் தூண்டுவதும் அதன் தொழில். ஒன்று கழிப்பது, மற்றது பூசுவது. ஆகவே ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றதற்குச் சாட்சியாகக் காட்ட முடியாது.

சோதனைகள் சொல்வது

உப்புநீர்க் கழுவலைப் பற்றி நம்பத்தக்க பரிசோதனைகள் சில நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் டேவிட் ரபாகோ என்பவரும் அவருடைய சகாக்களும் சைனஸ் தொல்லை உடைய 76 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. 2 சதவீத உப்புநீரால் ஆறு மாதம் தினமும் மூக்கைக் கழுவியவர்களுக்கு, கழுவாதவர்களைக் காட்டிலும் தொல்லை குறைந்ததோடு, ஆன்ட்டிபயாடிக் மருந்துகளின் உபயோகமும் குறைந்திருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழுவினர் 2016இல் நாட்பட்ட சைனஸ் அழற்சியையும், 2018இல் ஒவ்வாமையால் வரும் மூக்கொழுக்கையும் ஆராய்ந்து, உப்புநீரால் ஓரளவு பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்றுகளின் தரம் தாழ்ந்தது என்று நிதானமாகக் கூறினர். எடின்பரோவில் நடந்து 2019இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில், சாதாரண ஜலதோஷம் கண்டு இரண்டு நாட்களுக்குள் செறிந்த உப்புநீரால் மூக்கைக் கழுவி வாயும் கொப்பளித்தவர்களுக்கு நோயின் காலம் சராசரியாக 1.9 நாள் குறைந்தது.

ஆக, புதிய பீனசத்தில் நசியத்தை வாக்படர் விலக்கியதும், புதிய ஜலதோஷத்தில் உப்புநீர் சிறிது உதவுவதும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அவை வெவ்வேறு க்ரியைகள். இழையணுக்கள் சிதைந்து, சவ்வு வீங்கி, நீர் தானாகவே ஒழுகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன் மேல் எண்ணெய் பூசுவது அந்த ஓட்டத்துக்குத் துணையாகாது என்று கருதுவதற்கு இடமிருக்கிறது.

நசியத்துக்கு அத்தகைய வலுவான சான்று இன்னும் சேரவில்லை. அணு தைலத்தை வைத்து நம் நாட்டில் நடந்த பரிசோதனைகள் பெரும்பாலும் சிறியவை; ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குழு இல்லாதவையும் உண்டு. 2020இல் பெருந்தொற்று பரவத் தொடங்கியபோது மத்திய ஆயுஷ் அமைச்சகம், காலையும் மாலையும் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் அல்லது நெய்யை இரு நாசிகளிலும் தடவிக்கொள்ளலாம் என்று யோசனை கூறிற்று. வறண்ட சவ்வுக்கு அது இதமளிக்கும் என்பதில் ஐயமில்லை. தொற்றையே தடுத்துவிடும் என்பதற்கு அந்த இதம் நிரூபணமாகாது. நாசி வழியே ஔஷதம் தேகமெங்கும் செல்லும் என்ற பழைய கொள்கை வேறொரு விதத்தில் மெய்யாகியிருக்கிறது: ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், அபின் வகை மருந்துகளால் மூச்சு நின்றுபோகிறவர்களை மீட்கும் நலாக்ஸோன் முதலியவை இன்று நாசியில் தெளிக்கும் மருந்துகளாகவே கிடைக்கின்றன.

துவாரம் திறந்திருப்பதன் ஆபத்து

நாசியின் உச்சியில், மூளைக்கும் மூக்குக்கும் இடையே, துளைகள் நிறைந்த சல்லடை எலும்பு ஒன்று இருக்கிறது. வாசனையை அறியும் நரம்பிழைகள் அதன் துளைகளின் வழியே நேரே மூளைக்குள் செல்லுகின்றன. சிரசின் துவாரம் நாசி என்னும் கருத்தைச் சரீர சாஸ்திரம் இவ்வாறு ஒருவகையில் ஆமோதிக்கிறது. ஆனால் துவாரம் ஔஷதத்துக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. 1965இல் ஆஸ்திரேலியாவில் மால்கம் பௌலர் விவரித்த நோய்க்குக் காரணமான நெக்லேரியா பௌலெரி என்னும் அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அந்த நீரைக் குடித்தால் தீங்கில்லை, மூக்கினுள் ஏறினால் அந்த நரம்புகளைப் பற்றிக்கொண்டு மூளையை அடைந்துவிடுகிறது. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்குமேல் மரணமடைகிறார்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்நீரைக் கெண்டியில் நிரப்பி மூக்கைக் கழுவிய இருவர் இந்நோயால் இறந்தார்கள். அவர்கள் வீட்டுக் குழாய்களிலேயே அந்த அமீபா இருந்தது. 2024இல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர்கள் இவ்வகை மூளைக்காய்ச்சலுக்குப் பலியானது நமக்கு மிக அருகில் நடந்த துயரம். கிணற்றுநீராயினும் குழாய்நீராயினும், குறைந்தது ஒரு நிமிஷம், கூடுமானால் மூன்று முதல் ஐந்து நிமிஷம் வரை தளதளவென்று கொதித்து, பிறகு ஆறி வெதுவெதுப்பான நீரை மட்டுமே மூக்கில் விட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கெண்டியையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

எண்ணெயிலும் அபாயம் உண்டு. 1925இல் கானடா நாட்டின் டொராண்டோ நகரில் ஜி. எப். லாப்லென் என்னும் நோய்க்குறியியலார், மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் மருந்து விடப்பட்டவர்களின் நுரையீரலில் அந்த எண்ணெய் இறங்கி, ஒருவித நிமோனியாவை உண்டாக்கியிருந்ததை விவரித்தார். எண்ணெய்க்கு இருமலை எழுப்பும் உறைப்பு இல்லை; ஆகவே அது சப்தமின்றி மூச்சுக்குழலில் வழிந்துவிடுகிறது. விழுங்கும் திறமை முதிராத குழந்தைக்கும், அது தளர்ந்துவிட்ட கிழவருக்கும், ஏற்கெனவே மூச்சுக்குழல் இழுத்துப் பிடிக்கும் ஆஸ்த்மாக்காரருக்கும் இந்த அபாயம் அதிகம். இப்போது வாக்படரின் பட்டியலைத் திரும்பப் பார்த்தால், ஏழு வயதுக்குக் கீழ், எண்பதுக்கு மேல், சுவாச ரோகி, இருமல்காரர் என்று அவர் யாரை விலக்கினாரோ அவர்களே இவர்கள். பேசாதே, சிரிக்காதே, விழுங்காமல் துப்பு என்று அவர் காலத்து வைத்தியர்கள் கட்டளையிட்டதும் இதற்கு அணையாகவே அமைகிறது. நுரையீரலைத் திறந்து பார்த்து எழுதிய விதிகளல்ல அவை. பல தலைமுறை நோயாளிகளின் அவஸ்தையைப் பார்த்து எழுதியவை.

எனினும் பழைய நூல் எங்கும் தவறவில்லை என்று வாதிப்பதும் முறையன்று. பிரதிமர்சத்தைப் பிறப்பு முதல் இறப்புவரை யாருக்கும் செய்யலாம் என்று அதே வாக்படர் அனுமதிக்கிறார். நம் வீடுகளில் பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிமார், காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தி, மூக்கில் எண்ணெய் விட்டு வாயால் ஊதுவதும் அந்தச் சம்பிரதாயத்தைச் சேர்ந்ததே. அதைக் குழந்தை வைத்தியர்கள் வேண்டாம் என்று தடுப்பது, எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கும் என்பதனாலும், ஊதுபவரின் வாய்க்கிருமி குழந்தையின் மூக்கில் ஏறும் என்பதனாலுமே. இவ்விடத்தில் பாட்டியின் அன்பைக் குறை கூறாமல் அவர் கையைத் தடுப்பதே சரி.

செய்யத்தக்கதும் தகாததும்

ஆகவே நடைமுறையில் சொல்லத்தக்கது இவ்வளவு. மூக்கு தொல்லை தராதிருக்கும் ஆரோக்கியவானுக்குத் தினசரி நேதி அவசியமில்லை. குறுஇழைகளே அந்தக் கைங்கரியத்தைச் செய்துகொண்டிருக்கின்றன. மகரந்தக் காலத்தில் தும்மி வருந்துகிறவரும், புழுதியில் வேலை செய்கிறவரும், நாட்பட்ட சைனஸ் நோயாளியும் கொதித்து ஆறிய நீரில் சரியான அளவு உப்பிட்டு மூக்கைக் கழுவினால் பயனடையலாம். முறைமாற்றத்தால் ஒடுங்கியிருக்கும் நாசியில் நீரை வலிந்து செலுத்தாமல், திறந்திருக்கும் பக்கத்தில் முதலில் தொடங்க வேண்டும். கழுவியபின் ஒவ்வொரு நாசியாக மெல்லச் சிந்த வேண்டும். இரண்டையும் அடைத்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் நடுச்செவிக்குள் ஏறிக் காதுவலி தரும். காதில் சீழ் உள்ளவரும், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருபவரும், அண்மையில் மூக்கில் அறுவை நடந்தவரும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. நூல்நேதி குருமுகமாகப் பழக வேண்டியது. புத்தகம் பார்த்துச் செய்யத்தக்கதன்று. நசியம், படித்த வைத்தியர் கையால், தேகமும் நாளும் பார்த்துச் செய்யப்பட வேண்டிய சிகிச்சை.

விஞ்ஞானிகளுக்கும் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. நசியத்தைச் சோதிக்கப் புகுவோர், எண்ணெயை எல்லோருக்கும் எல்லா நாளிலும் ஒரே அளவாக விட்டுப் பார்த்துவிட்டு, பலித்தது அல்லது பலிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நூல் விலக்கிய நோயாளிகளை விலக்கி, குறித்த வேளையில், குறித்த ஆயத்தங்களோடு செய்து, அதன் முன்னும் பின்னும் சாக்கரின் கடிகாரத்தால் சளியோட்டத்தை அளந்து பார்த்தால்தான், அந்தச் சிகிச்சை உண்மையிலேயே பரீட்சைக்கு வந்ததாகும். அதுவரையில், தைலம் கேட்டு வந்தவரின் இருமலைக் கேட்டுவிட்டு, வானத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ‘இன்றைக்கு வேண்டாம், உடம்பு தேறட்டும்’ என்று திருப்பியனுப்பும் வைத்தியரையே, அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர் என்று நாம் நம்பலாம்.